வாசகசாலை முற்றத்துக்கு எந்தச் சிரிப்புப் படம்? பழைய கறுப்பு-வெள்ளைத் தொடர்களில் ஒரு தேர்வு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுக்காவின் தமிழ் ஊர்களில் வாசகசாலை முற்றத்தில் ஒரு வெளிநாட்டுப் படம் போடுவது என்றால் முதல் கவலை, கூட்டம் பாதியில் எழுந்து போய்விடுமோ என்பதுதான். உலக சினிமா என்ற பெயரில் கனமான படத்தோடு தொடங்கினால் அதுதான் நடக்கும். சிரிப்புப் படத்தில் தொடங்குவதே சரி. அதிலும் குறைந்த செலவில், அதே நடிகர்களை வைத்து வருஷா வருஷம் எடுக்கப்பட்ட தொடர்ப் படங்கள் முதல் மாலைக்கு நன்றாகப் பொருந்தும். முந்தைய படத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. நீளம் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும். பிரம்மாண்டம் எதையும் நம்பாமல் முகங்களையும் சூழ்நிலையையும் மட்டும் நம்பி எடுத்தவை என்பதால் சிறிய திரையிலும் நிற்கும்.

அந்த வகையில் கையில் எடுக்கத் தக்கவை மூன்று தொடர்கள். பிரிட்டனின் ‘கேரி ஆன்’ வரிசை 1958இல் தொடங்கி 1992 வரை 31 படங்கள் கண்டது. தயாரிப்பு பீட்டர் ரோஜர்ஸ், இயக்கம் ஜெரால்ட் தாமஸ், இடம் பைன்வுட் ஸ்டுடியோ. அமெரிக்காவில் யுனிவர்சல் எடுத்த ‘மா அண்ட் பா கெட்டில்’ வரிசை, கெட்டில் என்ற அந்தக் கிராமத்துத் தம்பதி முதலில் தோன்றிய 1947ஆம் ஆண்டுப் படத்தையும் சேர்த்தால் 1957 வரை பத்துப் படங்கள். மூன்றாவதும் அமெரிக்கத் தொடர்தான், ‘பவரி பாய்ஸ்’: 1946 முதல் 1958 வரை 48 படங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

பவரி பாய்ஸை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அதன் முக்கிய நடிகர் லியோ கார்சியின் சிரிப்பு, பெரிய ஆங்கிலச் சொற்களைத் தப்பும் தவறுமாக உளறுவதில் இருக்கிறது. நியூயார்க் தெருப் பேச்சு தெரிந்தவர்களுக்கே அது முழுசாகப் பிடிபடும். கூட நடிக்கும் ஹன்ட்ஸ் ஹால் முகத்தைக் கோணுவது மட்டும் நம் கூட்டத்துக்குப் போதாது. கதை எல்லாப் படத்திலும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் 48இல் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதும் தலைவலி.

மீதி இரண்டிலும் தேர்வு செய்ய ஒரு நல்ல சோதனை உண்டு. படத்தின் நடுவில் ஏதாவது ஒரு பத்து நிமிடத்தை ஒலியை முழுக்க அடைத்துவிட்டுப் பாருங்கள். என்ன நடக்கிறது, யார் யாரோடு மோதுகிறார், யார் யாரை ஏமாற்றுகிறார் என்பது புரிந்தால் அந்தப் படம் தாங்கும். புரியவில்லை என்றால், சிரிப்பு முழுக்க வசனத்தில் இருக்கிறது என்று பொருள். துணைத்தலைப்பை (சப்டைட்டிலை) எவ்வளவு அழகாக எழுதினாலும் முற்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பாதிதான் போய்ச் சேரும். நம் ஊர்க் கூட்டத்தில் தமிழ் மட்டும் படிப்பவர்கள், மலையாளம் மட்டும் படிப்பவர்கள், எதையும் வேகமாகப் படிக்க முடியாத பெரியவர்கள், இன்னும் எழுத்துக்கூட்டும் குழந்தைகள் எல்லாரும் இருப்பார்கள். இந்தச் சோதனையில் தேறாத படம் எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும் முதல் மாலைக்கு வேண்டாம்.

கேரி ஆன் வரிசையில் எது?

இந்த வரிசையில் கறுப்பு-வெள்ளைப் படங்கள் ஏழு (எல்லாப் பெயருக்கும் முன்னால் ‘கேரி ஆன்’ சேரும்). 1958இல் ‘சார்ஜன்ட்’, 1959இல் ‘நர்ஸ்’, ‘டீச்சர்’, 1960இல் ‘கான்ஸ்டபிள்’, 1961இல் ‘ரிகார்ட்லெஸ்’, 1963இல் ‘கேபி’, 1964இல் ‘ஸ்பையிங்’. நடுவில் 1962இல் ‘குரூசிங்’ வண்ணத்தில் வந்தது. அதற்குப் பிறகும் இரண்டு படங்களுக்குக் கறுப்பு-வெள்ளைக்கே திரும்பினார்கள். எண்பதாயிரம் பவுண்டுக்குள் முதல் படத்தை முடித்த கம்பெனி அது. செலவுக் கணக்கு அவர்களுக்கு எப்போதும் முன்னால் நின்றது.

பெயர் பெற்றது ‘நர்ஸ்’தான். 1959இல் பிரிட்டனில் வசூலில் முதலிடம் பிடித்த படம். ஆண்கள் வார்டு ஒன்றில் நோயாளிகளுக்கும் மேட்ரனுக்கும் (நர்ஸுகளின் தலைவிக்கும்) நடக்கும் இழுபறி. ஹாட்டி ஜாக் மேட்ரனாக வார்டுக்குள் நுழைந்ததும் படுக்கை விரிப்புகள் நேராகும் காட்சியை எந்த மாவட்ட ஆஸ்பத்திரியில் கிடந்தவரும் புரிந்துகொள்வார். ஆனால் கதை என்று ஒன்று இல்லை. துண்டு துண்டான சம்பவங்கள்தான். ஒரு துண்டு பிடிபடாமல் போனால் அடுத்தது வரும் வரை கூட்டம் சும்மா உட்கார்ந்திருக்கும். கடைசியில் தெர்மாமீட்டருக்குப் பதில் பூவை வைக்கும் புகழ்பெற்ற நகைச்சுவை குடும்பத்தோடு வந்தவர்களைச் சிரிக்க வைக்குமா, நெளிய வைக்குமா என்பதை அந்தந்த ஊர்தான் முடிவு செய்ய வேண்டும்.

‘சார்ஜன்ட்’ ஒலியில்லாச் சோதனையில் நன்றாகத் தேறும். அணிவகுப்பில் கால் மாற்றி வைக்கும் இளைஞர்களைப் பார்த்துச் சிரிக்க மொழி வேண்டாம். ஓய்வுபெறப்போகும் சார்ஜன்ட், தன் கடைசி அணி முதலிடம் பிடிக்கும் என்று ஐம்பது பவுண்டு பந்தயம் கட்டுகிறார். வந்து சேர்வது எதற்கும் ஆகாத கூட்டம். அந்த சார்ஜன்ட் வில்லியம் ஹார்ட்னல். பின்னாளில் ‘டாக்டர் ஹூ’ தொடரின் முதல் டாக்டரானவர் இவர்தான். ஒரு சிக்கல் மட்டும்: கல்யாண நாளன்றே ஒருவனை ராணுவம் ஏன் கூப்பிடுகிறது என்று நம்மவர்கள் கேட்பார்கள். அப்போது பிரிட்டனில் இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவப் பணி இருந்தது, 1960 வரை ஆள் எடுத்தார்கள் என்பதை இரண்டு வாக்கியத்தில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் முதல் கால் மணி நேரம் வீண்.

பள்ளிக்கூடத்தில் போடுவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ‘டீச்சர்’. பொறுப்புத் தலைமையாசிரியர் வேறு பள்ளிக்குப் போக விண்ணப்பிக்கிறார். அவர் போகக் கூடாது என்று பிள்ளைகள் இன்ஸ்பெக்டர்கள் வரும் வாரம் பார்த்துப் பள்ளியையே தலைகீழாக்குகிறார்கள். கல்வி அதிகாரி (ஏ.இ.ஓ.) வரும் நாளின் பதற்றம் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது. அரிப்புப் பொடி காட்சி ஒன்று போதும். 86 நிமிடம்.

‘ஸ்பையிங்’ வேண்டாம். உளவாளிப் படங்களையும் வியன்னாவை வைத்து எடுத்த பழைய மர்மப் படங்களையும் கிண்டல் செய்யும் படம் அது. மூலத்தைப் பார்க்காதவர்களுக்குக் கிண்டல் எடுபடாது. பார்பரா வின்ட்சர் இந்த வரிசைக்குள் வந்த முதல் படம் என்பதால் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். நம் முற்றத்துக்கு அது ஒரு காரணமில்லை.

அடுத்தது ‘கேபி’. எங்கள் தேர்வு இதுதான். டாக்சி கம்பெனி முதலாளி சார்லி (சிட் ஜேம்ஸ்), வண்டியே கதி என்று இருப்பவர். பிரசவ வலி என்று ஏறிய ஒரு தம்பதியை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்ததில் சொந்தக் கல்யாண நாளைக் கோட்டை விடுகிறார். மனைவி பெக்கி (ஹாட்டி ஜாக்) வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கணவருக்குத் தெரியாமல் பெண்களே ஓட்டும் போட்டி டாக்சி கம்பெனியைத் தொடங்குகிறார். சவாரி எல்லாம் அங்கே போகிறது. தன் பிழைப்பைக் கெடுக்கும் அந்தப் போட்டிக்காரி யார் என்று தெரியாமல் சார்லி வீட்டுக்கு வந்து மனைவியிடமே புலம்புகிறார். இதை ஆட்டோ ஸ்டாண்டு உள்ள எந்த ஊரிலும் போடலாம். எல்லை தாண்டிச் சவாரி போகும் வண்டிக்காரர்கள் நிறைந்த இந்தப் பக்கத்தில் சொல்லவே வேண்டியதில்லை.

ஒலியை அடைத்துப் பார்த்தாலும் இது நிற்கக் காரணம் வண்டிகள். சார்லியின் வண்டிகள் கறுத்த, உருண்ட லண்டன் டாக்சிகள். பெக்கியின் வண்டிகள் அந்தக் காலத்துப் புத்தம் புது ஃபோர்டு கார்ட்டினா. எந்த வண்டி எந்தக் கட்சி என்பதைத் திரையின் மூலையில் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். வண்ணமில்லாத படத்தில் இப்படி வடிவத்தாலேயே பிரித்துக் காட்டியது பெரிய வசதி. கடைசியில் திருடர்கள் வண்டியோடு பெக்கியைக் கடத்த, அவர் டாக்சியின் ஒயர்லெஸ் ரேடியோவைத் திறந்து வைத்து வழியைப் பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டே வர, சார்லியின் வண்டிகள் நாலாப் பக்கமும் வளைக்கும் துரத்தல் முழுக்கக் கண்ணால் பார்க்க வேண்டியது.

குறை இல்லாமல் இல்லை. பெண் ஓட்டுநர்களின் சீருடையையும் அவர்கள் சவாரி பிடிக்கும் விதத்தையும் வைத்துச் செய்த கேலி இன்று பழசாகத் தெரியும். சில இரட்டை அர்த்த வசனங்களும் உண்டு. டால்பட் ராத்வெல் இந்த வரிசைக்கு எழுதிய முதல் கதைவசனம் இது. பின்னாளில் அவர் போன தூரத்தோடு ஒப்பிட்டால் இங்கே அளவோடுதான் இருக்கிறது. கென்னத் வில்லியம்ஸ் இதில் நடிக்கவில்லை என்பதால் வரிசையின் ரசிகர்கள் ஒரு படி கீழே வைப்பார்கள். அவரை முன்பின் பார்க்காத கூட்டத்துக்கு அது இழப்பே அல்ல.

கெட்டில் தம்பதியோடு ஒப்பிட்டால்

‘கேபி’க்கு நிஜமான போட்டி 1951இல் வந்த ‘மா அண்ட் பா கெட்டில் பேக் ஆன் தி ஃபார்ம்’. பதினைந்து பிள்ளைகள் பெற்ற கிராமத்துத் தம்பதி. மூத்த மகனுக்குக் குழந்தை பிறக்கிறது. மருமகளின் பணக்காரப் பெற்றோர் பாஸ்டனிலிருந்து வந்து, குழந்தையைத் தொடக் கூடாது, கிருமி ஒட்டும் என்று சட்டம் போடுகிறார்கள். சுத்தமான சம்பந்தி சண்டை. இதற்கு எந்த முன்னுரையும் வேண்டாம்.

இந்தப் படத்தில் ஒரு கணக்குக் காட்சி இருக்கிறது. உலகம் முழுக்கக் கணக்கு வாத்தியார்கள் அதை வகுப்பில் போட்டுக் காட்டுகிறார்கள். 25ஐ 5ஆல் வகுத்தால் 14 என்று கணவர் பா கெட்டில் நிரூபிப்பார். 2இல் 5 போகாது. 5இல் 5 ஒரு தடவை போகும், 1 எழுது. 25இல் 5 போக 20. 20இல் 5 நாலு தடவை, 4 எழுது. ஆக 14. நம்பாதவருக்குப் பெருக்கிக் காட்டுவார்கள்: ஐந்நான்கு 20, ஓரைந்து 5, கூட்டினால் 25. அப்போதும் நம்பவில்லை என்றால் ஐந்து 14களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, நாலு நாலாக 20 வரை எண்ணி, ஒன்றுகளைத் தொடர்ந்து 21, 22 என்று 25இல் கொண்டுபோய் நிறுத்துவார்கள். எண்களுக்கு மொழி கிடையாது. துணைத்தலைப்பே இல்லாமல் கைதட்டல் வாங்கும் காட்சி.

அப்படியானால் ஏன் இது இரண்டாவது இடம்? இந்தத் தொடரில் அமெரிக்கப் பூர்வகுடிகளான இரண்டு பாத்திரங்களை மந்தமானவர்களாக, வேலை ஏவப்படுபவர்களாகவே காட்டுகிறார்கள். முதலமடை, பறம்பிக்குளம் பக்கத்திலிருந்து பழங்குடிக் குடும்பங்கள் வந்து உட்காரக்கூடிய முற்றத்தில் அதைப் போட்டு, கூட்டத்தைச் சிரிக்க வைப்பது சரியில்லை. அந்தத் துண்டுகளை வெட்டிப் போடுவதும் தீர்வல்ல. குழந்தைகள் அதிகம் வரும் மாலை என்றால் கணக்குக் காட்சியை மட்டும் ‘கேபி’க்கு முன்னால் தனியாகப் போடலாம். முற்றம் நிறையும் வரை காத்திருக்கும் நேரத்துக்கு அது பொருத்தம்.

உரிமை, தட்டு, வேகம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கான உரிமைக் காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 1963 படத்துக்கு 2023 முடிவோடு அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது. இதை வைத்துக்கொண்டு அவசரப்படக் கூடாது. கதைவசனத்துக்கும் இசைக்கும் உரிமை தனி, அது ஆசிரியரின் ஆயுளை ஒட்டிக் கணக்கிடப்படும். ராத்வெல் இறந்தது 1981இல். எனவே உரிமையாளரிடம் கடிதம் வாங்கிவிடுவதே நல்லது. தணிக்கைச் சான்று இல்லாத படத்தைப் பொதுவில் திரையிட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். பதிவு பெற்ற திரைப்படச் சங்கம் ஒன்றோடு சேர்ந்து, உறுப்பினர்களுக்கான திரையிடலாக நடத்துவது எப்படி என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிவிடி, ப்ளூரே தட்டுகளை விற்கும் நாட்டுக்கு ஏற்ப மண்டலக் குறியால் பூட்டியிருப்பார்கள்: பிரிட்டிஷ் டிவிடி மண்டலம் 2, இந்தியா மண்டலம் 5. ப்ளூரே என்றால் அவர்களுடையது பி, நம்முடையது சி. சாதாரண பிளேயர் தட்டைத் துப்பிவிடும். மண்டலக் கட்டுப்பாடு இல்லாத பிளேயரை ஒரு வாரம் முன்பே இரவல் வாங்கிச் சோதித்து வையுங்கள்.

துணைத்தலைப்பில் வரும் மிகப் பெரிய கோளாறு வேகத்தால் வருவது. ப்ளூரேயில் படம் நொடிக்கு 24 பிரேம் ஓடும். பிரிட்டிஷ் டிவிடியில் 25. 91 நிமிடப் படம் டிவிடியில் ஏறத்தாழ 87 நிமிடம் 20 நொடியில் முடிந்துவிடும். ஒன்றுக்கு எழுதிய துணைத்தலைப்பை மற்றொன்றோடு ஓட்டினால் தொடக்கத்தில் சரியாக இருக்கும், கடைசியில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் விலகி நிற்கும். ஐந்தாவது நிமிடத்திலும் எண்பதாவது நிமிடத்திலும் விலகல் ஒரே அளவா என்று பாருங்கள். ஒரே அளவு என்றால் விஎல்சி பிளேயரில் ஜி, எச் விசைகளால் முன்னும் பின்னும் நகர்த்தினால் போதும். போகப் போகக் கூடுகிறது என்றால் நகர்த்திப் பயனில்லை. சப்டைட்டில் எடிட் போன்ற மென்பொருளில் பிரேம் வேகத்தையே மாற்ற வேண்டும். 24இலிருந்து 25க்குப் போனால் எல்லா நேரக் குறிகளையும் 0.96ஆல் பெருக்குவது அது. மாற்றிய பிறகு முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் தவறாமல் சரிபாருங்கள்.

தமிழில் எழுதும்போது ஒரு வரிக்கு முப்பது எழுத்துக்கு மேல் போகக் கூடாது. நம் எழுத்து அகலமானது. இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒன்றரை நொடிக்குக் குறையாமல், ஆறு நொடிக்கு மேற்படாமல் திரையில் நிற்கட்டும். சிரிப்புப் படத்துக்கென்று ஒரு தனி விதி: கேள்வியையும் அதற்கான குத்துப் பதிலையும் ஒரே துணைத்தலைப்பில் போடவே கூடாது. போட்டால் நடிகர் வாயைத் திறக்கும் முன்பே வேகமாகப் படிப்பவர்கள் சிரித்துவிடுவார்கள், மற்றவர்களுக்குச் சுவை போய்விடும். இரண்டாக உடைத்து, பதிலை நடிகர் பேசும் நொடியில் வரவையுங்கள். துணைத்தலைப்புக் கோப்பினை, தமிழ் எழுத்தைத் தாங்கும் யுடிஎஃப்-8 வடிவில் சேமியுங்கள்.

பென்டிரைவைப் புரொஜெக்டரில் நேரடியாகச் செருகி ஓட்டினால் தமிழ் எழுத்து கட்டங்களாகவோ, கொம்புகள் இடம் மாறியோ தெரியலாம். பல புரொஜெக்டர்களின் உள்மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்து வடிக்கத் தெரியாததுதான் காரணம். கணினியிலேயே எழுத்தைப் படத்தோடு சேர்த்துப் பதித்துக்கொண்டால் எந்தக் கருவியிலும் ஓடும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு போதும். நிறம் வெள்ளை வேண்டாம். கறுப்பு-வெள்ளைப் படத்தில் வெளிறிய சுவரும் வானமும் வெள்ளைச் சட்டையும் கீழ்ப்பாதியில் வந்துகொண்டே இருக்கும், எழுத்து கரைந்துவிடும். வெளிர் மஞ்சளும் சுற்றிக் கனமான கறுப்பு விளிம்பும் வையுங்கள்.

முற்றத்தில்

பத்தடி அகலத் திரை சுமார் 56 சதுர அடி. 3000 லூமென் என்று பெட்டியில் போட்ட புரொஜெக்டரை ‘சினிமா’ அமைப்பில் ஓட்டினால் பாதிதான் வெளிச்சம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், நன்றாக இருட்டிய பிறகு அது தாராளம். ‘டைனமிக்’ அமைப்பில் வெளிச்சம் கூடும். ஆனால் சாம்பல் நிறமெல்லாம் பச்சையடிக்கும். வண்ணப் படத்தில் யாரும் கவனிக்காத அந்தக் குறை இங்கே ஒவ்வொரு முகத்திலும் தெரியும். வண்ணச் செறிவைச் சுழியத்துக்குக் குறைத்துவிட்டால் தட்டில் இருக்கும் நிறக்கறையும் போய்விடும். வாடகைக்கு எடுக்கும்போது எல்சிடி வகையா, டிஎல்பி வகையா என்று கேளுங்கள். ஒற்றைச் சில்லு (சிப்) டிஎல்பியில் சுழலும் வண்ணச் சக்கரத்தால் கறுப்பின் மேல் வெள்ளை நகரும்போது சிலர் கண்ணுக்கு வானவில் கீற்று தெரியும். எல்சிடியில் அது வராது. ஆனால் மூன்று தகடுகளும் சரியாகப் பொருந்தாத பழைய கருவி என்றால் எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசியும். வெறும் வெள்ளைக் கோடுகள் உள்ள ஒரு படத்தைப் போட்டுப் பார்த்தே கருவியை எடுங்கள். கிடைத்த பிரதி 4:3 என்றால் இருபக்கமும் கறுப்பு விட்டே ஓட்டுங்கள், இழுத்து நிரப்பினால் ஹாட்டி ஜாக்கின் முகம் கெட்டுவிடும். ஒலி ஒற்றைத் தடம்தான். செயற்கை சரவுண்டை அணைத்து, இரண்டு ஸ்பீக்கரையும் திரைக்கு அருகிலேயே வையுங்கள். பின்னால் வைத்த ஸ்பீக்கரில் வசனம் எதிரொலிக்கும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை மறக்காதீர்கள். மார்கழி, தை மாதங்களில் வாளையாறு பக்கமிருந்து வீசும் கிழக்குக் காற்றில் துணித் திரை பாய்மரம்போல உப்பும், படத்தின் நடுப்பகுதி மங்கும். திரையின் பின்பக்கத்தைக் கட்டடச் சுவரோடு ஒட்டிக் கட்டி, கீழ் விளிம்பில் மடித்துத் தைத்த உறைக்குள் ஒன்றரை அங்குல இரும்புக் குழாயைச் செருகுங்கள். பக்கவாட்டுக் கண்ணிகளைக் கயிற்றால் இறுக்காமல், பழைய டியூப் ரப்பரை வெட்டிக் கட்டினால் காற்றுக்கு இழுத்துக் கொடுத்துத் திரும்பும். திரையில் ஓட்டை போடுவது பழைய வழக்கம், வெளிச்சம் வீணாவதைத் தவிர பெரிய பயன் இல்லை. கரண்ட் போனால் லாம்ப் வகைப் புரொஜெக்டரின் விசிறியும் நின்று பல்பு சூட்டில் வெடிக்கலாம். ஐந்து நிமிடம் தாங்கும் யுபிஎஸ் ஒன்றைப் புரொஜெக்டருக்கு மட்டும் கொடுங்கள், முறையாக அணைத்துக் குளிரவிட அது போதும்.

இந்தப் படங்களுக்கு இடைவேளை கிடையாது. நம் கூட்டம் அதை எதிர்பார்க்கும், டீக்கடைக்காரரும் எதிர்பார்ப்பார். ‘கேபி’யை நிறுத்துவது என்றால் பெக்கியின் புது வண்டிகள் முதன்முதலாகத் தெருவில் இறங்கி, சார்லியின் ஓட்டுநர்கள் வாயைப் பிளந்து பார்க்கும் இடத்தில் நிறுத்துங்கள். துரத்தல் தொடங்கிய பிறகு எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம்.